பதினோரு மணி டீ

குருவம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவருடைய சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. யார் குரு, யார் சீடர் என்று தெரியாமல் மடத்துக்குப் புதிதாய் வருகிறவர்கள் நாச்சிமுத்து காலில் விழப் போவார்கள். மனிதர் பதறியடித்துக்கொண்டு விலகுவார்.

நாச்சிமுத்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மேனேஜர். அதே யூனிட்டில் துணி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்து, டெய்லராகி, சூப்பர்வைசராகி, மேனேஜரானவர். ஞாயிறு ஆனால் காங்கயம் பக்கத்தில் மலையடிவாரத்து மடத்துக்கு வந்துவிடுவார். அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது அவர் பங்கு. அதிலும் பரங்கிக்காய் என்றால் வேறு ஆள் கை வைக்கக் கூடாது.

அந்த ஞாயிறு அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு கேள்விங்கம்மா."

"கேளுங்கண்ணா."

"மனுசனைச் சந்தோசமா வெச்சுக்கறது எப்படிங்க?"

"எந்த மனுசனை?"

"எங்க கம்பெனி ஆளுங்களைத்தானுங்க."

விஷயம் இதுதான். மாதா மாதம் ஆட்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அடுத்த தெருவில் தகரக் கொட்டகை போட்ட கம்பெனிக்குப் போனார்கள். முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார்: தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வராவிட்டால் யூனிட்டுக்குப் பூட்டு. அந்த யூனிட் இல்லையென்றால் நாச்சிமுத்துவுக்கு வேறு ஒன்றும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில்.

"நான் என்ன குறை வெச்சேனுங்க? செவுத்துக்குப் பச்சை பெயின்ட் அடிச்சேன். பிறந்த நாளுக்கு கேக் வெட்டுறோம். யோகா வாத்தியார் வர்றாரு. வாசல்ல ஒரு மெஷின் வெச்சிருக்கேன். போகையில சிரிச்ச மூஞ்சிப் பொத்தானோ, அழுத மூஞ்சிப் பொத்தானோ அமுக்கணும். அத்தனை பேரும் சிரிச்ச மூஞ்சியைத்தான் அமுக்குறாங்க."

"பக்கத்துல யாரு நிப்பாங்க?"

"சூப்பர்வைசர் தண்டபாணிதானுங்க."

குருவம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் தோன்றுகிறது.

"எல்லாத்துக்கும் மேல டீங்கம்மா. முன்னெல்லாம் பதினோரு மணிக்கு பெல் அடிச்சா எல்லாரும் எதிர்த்த பேக்கரிக்கு ஓடுவாங்க. வெயில்ல, புழுதியில நின்னு குடிப்பாங்க. பார்க்கவே பாவமா இருக்கும். இப்ப அவங்கவங்க மெஷினுக்கே டீயும் வடையும் போயிருது. எந்திரிக்கவே வேண்டாம். அதுக்கப்புறம்தான் ஆளு எச்சா வேலையை விட்டு நிக்குதுங்க. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்ணுவான்?"

அவர் குரல் உடைந்தது.

குருவம்மா சமையல் கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இன்னைக்கு நாச்சிமுத்து அண்ணனுக்கு ஒரு வேலையும் கொடுக்காதீங்க. உள்ரூம்ல உக்கார வெச்சு நல்லாக் கவனிங்க."

கவனித்தார்கள். அப்படியொரு கவனிப்பு. மெத்தை போட்ட நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். முதலில் மோர் வந்தது. மோர் இறங்குவதற்குள் பணியாரம் வந்தது. அவர் எழுந்தால் போதும், கதவருகில் ஓர் ஆள்.

"எங்க போறீங்கண்ணா?"

"சும்மா, சமையல் கட்டுக்கு."

"என்ன வேணும் சொல்லுங்க, கொண்டாறோம்."

"ஒண்ணும் வேண்டாமப்பா."

"அப்ப உக்காருங்க. சந்தோசமா இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்."

சமையல் கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. லாரி டிரைவர் ராசப்பன் ஏதோ கதை அளக்கிறான். அந்தக் கதையில் பாதி பொய்யாக இருக்கும். எது பொய் என்று பிடிப்பது நாச்சிமுத்துவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. இன்று யார் பிடிப்பது? பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது: "பரங்கிக்காயை இன்னும் பொடிசா நறுக்கட்டுமா?"

அவ்வளவுதான். நாச்சிமுத்து எழுந்தார். கதவருகில் நின்றவரை ஒரு கையால் ஒதுக்கினார். விறுவிறுவென்று போய்ச் சமையல் கட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கத்தியைப் பிடுங்கினார்.

"பொடிசா நறுக்கினா கூட்டு கூழாயிரும் அம்மிணி. நகருங்க."

"வாங்க மாப்பிள்ளை, விருந்து முடிஞ்சுதா?" என்றான் ராசப்பன். எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

குருவம்மா வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, ஏதாவது குறை வெச்சுட்டோமா?"

"குறை ஒண்ணும் இல்லீங்கம்மா. ஆனா நான் என்ன தப்புப் பண்ணினேன்? எதுக்கு என்னைத் தனியா ஒதுக்கி வெச்சீங்க?"

"ஒதுக்கலீங்களே. எந்திரிக்கவே விடாமத்தானே பார்த்துக்கிட்டோம்."

நாச்சிமுத்துவின் கத்தி பாதிக் காயில் நின்றது. பிறகு பரங்கிக்காயைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு பெல் அடித்தது. டீ வரவில்லை. நாச்சிமுத்து கேட்டைத் திறந்துவிட்டார்.

ஒருவரும் எழவில்லை. இதில் என்ன உள்குத்து இருக்கிறதோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே ரோட்டைத் தாண்டி பேக்கரிக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து முத்துப்பேச்சி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர், பயம் என்றால் என்னவென்று தெரியாதவள். அவளைப் பார்த்து இன்னும் சிலர். பிறகு மொத்த யூனிட்டும் அங்கேதான் நின்றது. ஒரே கூச்சல்.

"அண்ணாச்சி, கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீயளே?" என்றாள் முத்துப்பேச்சி.

"கேளு கண்ணு."

"நானும் எங்க அக்காவும் ஒண்ணாத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவ அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. பேசிக்கிடக் கூடாதுன்னு இப்படி எல்லாரையும் பிரிச்சுப் போட்டுட்டு கேக்கு எதுக்கு வெட்டுதீய?"

நாச்சிமுத்து காலி கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாரு யாரு பக்கத்துல உக்காரணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

தண்டபாணி காதோரம் வந்து நின்றார். "பேசிக்கிட்டே இருப்பாங்க சார்."

"பேசட்டும்."

"தைக்க மாட்டாங்க."

"முதல்ல அந்தப் பொத்தான் மெஷினை எடுத்து உள்ள வைங்க."

சாயங்காலம் முதலாளி போன் செய்தார்.

"என்னய்யா, கேமராவுல பார்த்தா மெஷின் எல்லாம் இடம் மாறிக் கிடக்குது. ஆளுங்க ரோட்டுல நிக்கிறாங்க. யூனிட் நடத்துறியா, சந்தை நடத்துறியா?"

"தீபாவளி வரைக்கும் பொறுங்க முதலாளி. ஆளு திரும்பலைன்னா சாவியை நானே கொண்டாந்து கொடுத்துடறேன்."

சொன்ன பிறகுதான் மடியில் இருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தீபாவளி வந்தது. போனஸ் வாங்கினார்கள், பெட்டி படுக்கையோடு பஸ் ஏறினார்கள். திரும்பி வருவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் வருகிறோம் என்றுதான் சொல்வார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியும்.

யூனிட் திறக்கிற நாள். காலை பெல் அடித்தது. உள்ளூர்க்காரர்கள் மட்டும் வந்து மெஷினில் உட்கார்ந்தார்கள். மற்ற மெஷின்கள் உறை போட்டபடியே கிடந்தன. நான் அப்பவே சொன்னேனே என்று தண்டபாணி சொல்லிக் காட்டவில்லை. மகராசன், அந்த மட்டில் நல்லவர். நாச்சிமுத்து கேட்டுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சாவிக்கொத்து மடியில் கனத்தது. முதலாளியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அப்போது தெருமுனையில் ஒரு மினி டெம்போ திரும்பியது. பின்னால் இன்னொன்று. பை, மூட்டை, முறுக்கு டின், ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் நின்றவள் முத்துப்பேச்சி.

"கோவிக்காதீய அண்ணாச்சி, பஸ்ஸுல கால் வைக்க இடமில்ல. ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதுல ஏறி, பஸ் ஸ்டாண்டுல இருந்து டெம்போ பிடிச்சு வாறோம்."

நாச்சிமுத்து ஆட்களை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. முத்துப்பேச்சியின் அக்காவும் வந்திருந்தாள். ஊரிலிருந்து புதிதாக ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்கள். தகரக் கொட்டகைக்குப் போனவர்களில் சிலரும் அந்தக் கும்பலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். உள்ளே ஒவ்வொரு மெஷினாக ஓடத் தொடங்கியது. மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி அழுதார். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதார்.

வெளிநாட்டு ஆர்டர் சொன்ன நாளைக்கு முன்பே கப்பல் ஏறியது. முதலாளியே நேரில் வந்து, பேக்கரியில் எல்லாரோடும் நின்று, நாச்சிமுத்துவின் தோளில் கை போட்டார்.

அடுத்த ஞாயிறு நாச்சிமுத்து மடத்துக்குள் நுழைந்த நடையே வேறு. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வேட்டியில் கஞ்சி மொடமொடத்தது.

"ஜெயிச்சுட்டேனுங்கம்மா."

"முகத்தைப் பார்த்தாலே தெரியுதுங்கண்ணா."

"பல்லடம் ரோட்டு யூனிட்டையும் என்கிட்டயே கொடுத்துட்டாரு. நாளைக்கே போகணும். அங்கயும் ஆளுங்க மூஞ்சி தொங்கித்தான் கிடக்குது. நம்ம யூனிட்ல செஞ்ச மாதிரியே ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திடலாம்னு இருக்கேன். கேட்டைத் திறந்து விட்டு, மெஷினை எல்லாம் இடம் மாத்தி, எல்லாருக்கும் நானே டீ வாங்கிக் கொடுத்து..."

"அவசரப்படாதீங்கண்ணா."

"பின்ன, போனதும் முதல்ல என்னங்க செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க" என்றார் குருவம்மா. "அங்க ஒருத்தராவது உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கட்டும். அதுவரைக்கும் காத்திருங்க."