மழுங்காத கத்தி

மூன்றாவது கத்தியும் கூராகிவிட்டது.

வசுமதி டீச்சர் ஒரு செம்பருத்தி இதழை எடுத்து அலகின் மேல் வைத்தார். லேசாக இழுத்தார். இதழ் இரண்டாகிக் கீழே விழுந்தது.

"வேற கத்தி பாருங்க அண்ணாச்சி."

சொரிமுத்து தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற ஜெபமணி தபாலாபீஸில் முத்திரை குத்துகிறவள். வாயாலும் முத்திரை குத்துவாள்.

"அண்ணாச்சி வட்டம் போட வந்தாரா, கறிக்குக் கூறு போட வந்தாரா?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. சொரிமுத்து முப்பது வருஷம் பஜாரில் கறிக்கடை வைத்திருந்தவர். போன வருஷம்தான் கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், டீச்சருக்கு ஓர் எலுமிச்சைத் தோட்டம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே கொஞ்சம் பேர் கூடி நிலாவையும் மண்ணையும் கும்பிடுவார்கள். வெளிநாட்டில் இதற்கு விக்கா என்று பெயர். ஊருக்குள் நிலாக் கூட்டம். கோயில் இல்லை, சிலை இல்லை, கத்தி மட்டும் உண்டு. கத்தியை நீட்டிக் காற்றில் ஒரு வட்டம் போட வேண்டும். நாலு திசையையும் கூப்பிட வேண்டும். பிறகு எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான்.

கத்தியை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். பிடி கறுப்பு. இரண்டு பக்கமும் விளிம்பு. வாங்கும்போது பேரம் கூடாது. முக்கியமாக, அது எதையும் அறுக்கக் கூடாது, ஒரு நூலைக்கூட. ஆகவே மழுங்கலாக இருக்க வேண்டும். கத்தி அமையாதவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சொரிமுத்து மழைக்காலத்திலிருந்து வெளியே நிற்கிறார்.

முதல் கத்தியை ஆசாரியிடம் சொல்லி மழுங்கலாகவே அடித்து வாங்கினார். அண்ணாச்சி பேரம் பேசாததைப் பார்த்து ஆசாரிக்குப் பயமே வந்துவிட்டது. இரண்டாவது பித்தளை. பித்தளைக்கு எங்கே கூர் வரப்போகிறது என்றான் விற்றவன். வந்தது. மூன்றாவது லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, விரல் தடிமன். அதற்கும் வந்தது.

"நான் தீட்டலை டீச்சர். சத்தியமா. இங்க தோட்டத்துல சும்மா உக்காந்து எதையாவது நினைச்சுக்கிட்டு இருப்பேன். பார்த்தா கூர் ஏறியிருக்கும்."

"தானாவா?"

"கைதான் செய்யுது. ஆனா எனக்குச் சொல்லிட்டுச் செய்யலை."

ஜெபமணி சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"நாலாவது வாங்கினாலும் இதேதான் நடக்கும்," என்றார் சொரிமுத்து. "எப்படித்தான் டீச்சர் கத்தியைத் தேர்ந்தெடுக்க?"

டீச்சர் அந்த மூன்றாவது கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கோடிக்கு நடந்தார். சொரிமுத்து பின்னால் போனார். அங்கே ஒரு வேலியோரம் மூக்காயி கட்டிக் கிடந்தது.

மூக்காயி டீச்சருடைய ஆடு. சொரிமுத்து இந்தக் கூட்டத்துக்கு வந்ததே அதனால்தான்.

கடை நடத்திய காலத்தில் ஒரு பௌர்ணமியன்று ஆடு பிடிக்கப் போகிற வழியில் இந்தத் தோட்டத்தைத் தாண்டினார். வட்டமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். நடுவே ஓர் ஆடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. இவர் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தார். ஆடு இவரைப் பார்த்தது. அசை நின்றது. துள்ளி எழுந்து ஓடிவிட்டது. எல்லா ஆடும் அவரைக் கண்டால் அப்படித்தான் செய்யும். அன்றுவரை அவர் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. அன்று நினைத்தார்.

பிறகு டீச்சரிடம் வந்து நின்றபோது, "எதுக்கு வாறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அந்த வட்டத்துக்குள்ள நிக்கணும். அந்த ஆடு என்னைப் பார்க்கணும். பார்த்துட்டு அசை போடுறதை நிறுத்தாம இருக்கணும். ஒரு தடவை போதும்."

வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

இப்போது டீச்சர் வேலியோரம் கிடந்த ஒரு கல்லின் மேல் கத்தியை வைத்தார். மூக்காயி கயிறு எட்டுகிற மட்டும் பின்னால் போய், வேலியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது.

"சாயங்காலம் சாயங்காலம் வந்து இங்க உக்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவ சொல்ற வரைக்கும்."

"யாரு சொல்ற வரைக்கும்?"

டீச்சர் மூக்காயியை மோவாயால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

சொரிமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஆட்டிடம் கேட்டுக் கத்தி வாங்கின கறிக்கடைக்காரன் என்று ஊர் சிரிக்கும். ஆனாலும் உட்கார்ந்தார்.

ஆடு அவரைப் பார்த்தது. அவர் ஆட்டைப் பார்த்தார். அவர் கடையை நினைத்தார். தம்பி மகன் எலும்பை அதிகம் போட்டு நிறுக்கிறான் என்று கேள்வி. வாடிக்கை கெட்டுவிடும்.

மூக்காயியின் காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன.

சொரிமுத்து திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. நாய்கூட இல்லை. ஆட்டின் கண் போன இடத்தைப் பார்த்தார். தன் மடிக்குக் கீழே பார்த்தார்.

கத்தி வலது கையில் இருந்தது. விளிம்பு கல்லில் படுத்திருந்தது.

எப்போது எடுத்தார்? தெரியாது. கத்தியைக் கீழே வைத்தார். காது இறங்கியது.

"அட," என்றார்.

மறுநாள் கையைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று வந்தார். கையையே முறைத்துக்கொண்டிருந்தார். அது புது மருமகனைப் போல் அடக்கமாகக் கிடந்தது. பார்த்துப் பார்த்து அலுத்து, நினைப்பு பஜாருக்குப் போனது. காது எழுந்தது. குனிந்து பார்த்தால், கத்தி கல்லில்.

அதற்குப் பிறகு அவர் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். காதைப் பார்த்தார்.

டீச்சர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தார். "அவ என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலை. காதைத்தான் தூக்குறா."

"எப்போ?"

"முதல்ல கல்லுல சத்தம் வந்ததும் தூக்குவா. இப்ப சத்தத்துக்கு முந்தியே தூக்குறா. கை கத்திகிட்ட போறதுக்குள்ள காது எந்திரிச்சிருது. நானும் நிறுத்திருதேன்."

"ஓ," என்றார் டீச்சர். வாளியை எடுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடப் போனார்.

கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது. வேலியை விட்டு ஆடு விலகி வந்தது. ஒரு சாயங்காலம் பாதித் தூரம் வந்து படுத்தது. இவரைப் பார்த்து அல்ல, முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகைக் காட்டிப் படுத்த ஆட்டை சொரிமுத்து அன்றுதான் பார்த்தார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அது எழுந்து கல்லருகே வந்தது. கத்திப் பிடியை மோந்தது. பிடியில் அவருடைய வியர்வை ஊறியிருந்தது. ஆட்டுக்கு உப்பு வேண்டும். நக்கத் தொடங்கியது.

அலகு அதன் தாடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆடு தலையை ஆட்டினால் கிழித்துவிடும். கையை நீட்டினால் ஓடிவிடும், ஓடுகிற வேகத்திலும் கிழிக்கும். சொரிமுத்து மூச்சை அடக்கினார். கையைக் கல்லை ஒட்டியே மெல்ல நகர்த்தினார். அலகைத் தன் உள்ளங்கைக்குள் வாங்கி மூடிக்கொண்டார். பிடியை ஆட்டுப் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார்.

முப்பது வருஷத்தில் அவர் கத்தியை அந்தப் பக்கத்திலிருந்து பிடித்ததில்லை.

நல்ல கூர். அவர் கைவேலை ஆயிற்றே. ஆடு நாக்கால் பிடியை இழுக்க இழுக்க, அலகு உள்ளங்கையில் இறங்கியது. அவர் கையைத் திறக்கவில்லை. மூக்காயி சாவகாசமாக நக்கி முடித்தது.

அது விலகியதும் அவர் கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு கத்தியின் விளிம்பைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தி, கூர் மழுங்கும்படி ஒரு இழுப்பு இழுத்தார். காது கூசுகிற சத்தம்.

மூக்காயி காதைத் தூக்கியது.

"இது வேற சத்தம்," என்றார் அதனிடம். "கேட்டுப் பாரு."

மறு விளிம்பைத் திருப்பி இன்னொரு இழுப்பு. ஆடு கேட்டது. நின்ற இடத்திலேயே நின்று, இவர் முகத்தைப் பார்த்தது. அப்புறம் குனிந்து புல்லைக் கடித்தது.

மறுநாள் நிலா ஊருக்கு மேலே கிளம்பியபோது டீச்சர் செம்பருத்தி இதழை அலகில் வைத்து இழுத்தார். இதழ் கசங்கியது. அறுபடவில்லை. மறுபக்கத்திலும் வைத்து இழுத்தார். அறுபடவில்லை.

"போடுங்க அண்ணாச்சி."

சொரிமுத்து துணி சுற்றிய கையில் கத்தியைப் பிடித்துக் கிழக்கே தொடங்கினார். தெற்கு, மேற்கு, வடக்கு. வட்டம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்திருக்கும். காற்றில் போட்டதை யார் அளந்தார்கள்?

வட்டத்தின் நடுவே மூக்காயி படுத்திருந்தது. கயிறு இல்லை. சொரிமுத்து சுற்றி முடித்து அதன் முன்னால் வந்து நின்றார். கையில் கத்தி இருந்தது. ஆடு தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தது.

வாய் நிற்கவில்லை. அசை போட்டுக்கொண்டே இருந்தது.

எல்லாம் முடிந்து பானகமும் பணியாரமும் எடுத்து வைத்தார்கள். முதல் பணியாரம் மண்ணுக்கு என்பது இவர்கள் வழக்கம். ஜெபமணி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கடைசியில எந்த ஆசாரி அண்ணாச்சி மழுக்கிக் கொடுத்தான்?"

"ஆசாரி என்னத்துக்கு? எல்லாம் டீச்சர் செஞ்சது."

"நானா?" என்றார் டீச்சர். "மாசக்கணக்கா என் பக்கத்துல உக்காந்துதான் தேய்ச்சிருக்கீங்க. எனக்கு ஒரு நாள்கூட அந்தச் சத்தம் கேக்கலையே அண்ணாச்சி."

தட்டிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மண்ணு கோவிச்சுக்காது. முதல்ல மூக்காயிக்குக் குடுங்க."