அரைக்கிலோ கத்திரிக்காயும் ஒரு ட்ரோனும்

குருந்தம்பட்டி ஆட்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் அட்சரம் பிசகாமல் செய்துவிடுவார்கள். அந்த ஊருக்குப் பிடித்த சனியனே அதுதான்.

சொரிமுத்துவுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். மறுநாள் தலைதீபாவளி. மாமியார் வீடு உள்ளூர்தான். குட்டைக்கரைக்கு அந்தப் பக்கம், பள்ளமான இடத்தில். பொண்டாட்டி பூங்கோதை முந்தின நாளே அங்கே போய்விட்டாள். மாமியார் வைக்கப்போகும் கறிக்குழம்பை நினைத்து நினைத்து நம்ம ஆளுக்கு ஒரு வாரமாக வேறு நினைப்பே இல்லை.

காலையில் பூங்கோதையின் அண்ணன், மச்சான் தவசிக்கனி போன் போட்டார். பட்டாசு வாங்க மதுரைக்குப் போயிருந்தார்.

"மாப்ளே, என் ட்ரோன் உங்ககிட்டதான இருக்கு? குட்டையில தண்ணிமேல உக்காரவச்சுத் தாமரையைப் படம் பிடிக்கணும். தெர்மாகோல்ல மிதவை செஞ்சு அதுக்கு அடியில கட்டுங்க. முதல்ல அதே எடைக்கு வேற எதையாச்சும் கட்டிப் பாத்துக்கிடுங்க. அப்புறமா ட்ரோனைக் குட்டைக்குள்ள இறக்குங்க. அதுமேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சு, தலைதீபாவளிக்கு எங்க வாசப்படியை மிதிக்கக்கூடாது, ஆமா!"

சொரிமுத்து உடனே கூட்டாளிகள் உலகுவையும் பேச்சியையும் கூப்பிட்டான். மூன்று பேருமாகக் காய்கறிக்கடைத் தராசில் ட்ரோனை வைத்தார்கள். சரியாக அரைக்கிலோ கத்திரிக்காய்.

கத்திரிக்காயை மிதவையில் கட்டிக் குட்டையில் விட்டார்கள். மிதந்தது. உலகு எதையும் லேசில் நம்பமாட்டான். மிதவையை அவிழ்த்துவிட்டுப் பார்த்தான். கத்திரிக்காய் அப்போதும் மிதந்தது.

"அப்ப மிதவையே தேவையில்லியேடா," என்றான் உலகு. "ரெண்டும் ஒரே எடை. இது சும்மாவே மிதக்குது."

"அதுக்குக் காம்பு இருக்கு, மிதக்குது," என்றான் பேச்சி. "ட்ரோனுக்குக் காம்பு உண்டா?"

ட்ரோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். காம்பு இல்லை. சரி என்று மிதவையைக் கட்டினார்கள்.

"இறங்கையில தண்ணி தெறிக்குமேடா!" சொரிமுத்து அழாத குறை. "ஒரு சொட்டு போதும், என் கறிக்குழம்பு போச்சு!"

பேச்சி தாடையைத் தடவினான். "குட்டைக்குள்ள இறக்கணும்னாரு. தண்ணி படக்கூடாதுன்னாரு. ரெண்டுக்கும் இடைஞ்சலா இருக்கிறது எது?"

"தண்ணிதான்."

"எடுத்துருவோம்."

பேச்சியின் ஆயில் இன்ஜின் வந்தது. சாயங்காலம் வரை தண்ணீரைக் கரைக்கு அந்தப் பக்கம் இறைத்துத் தள்ளினார்கள். தவளைகள் எல்லாம் கரையேறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. சேற்றிலும் ஈரம் இருக்குமே என்று உலகு சந்தேகத்தைக் கிளப்ப, பூங்கோதையின் சீர் ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள். ட்ரோன் ஜம்மென்று அதன்மேல் வந்து உட்கார்ந்தது. சொரிமுத்து தடவிப் பார்த்தான். ஒரு பொட்டு ஈரம் இல்லை. மூவரும் சேற்றில் குதித்துக் கும்மாளம் போட்டார்கள்.

போன் அடித்தது.

"மச்சான்! உங்க ட்ரோன் சருகாட்டம் இருக்கு!"

"ட்ரோன் நாசமாப் போகட்டும்! ஊருக்கு வந்து பாத்தா வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி! எங்கம்மா சுட்ட அதிரசம் மிதக்குது!"

"மிதக்குதா? என்ன எடை மச்சான்?"

"யோவ்! நாளைக்கு வாசப்படியை மிதிச்சீரு, காலை ஒடிச்சிருவேன்!"

சொரிமுத்து இடிந்துபோய் உட்கார்ந்தான். பேச்சி மறுபடியும் தாடையைத் தடவினான்.

தீபாவளி அன்று காலை தவசிக்கனி சட்டி சட்டியாகத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் பாதித் தண்ணீர்கூட வடியவில்லை. வாசலில் ஏதோ முட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தார்.

கல்யாண அண்டா ஒன்று மிதந்து வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் தெர்மாகோல் கட்டியிருந்தது. உள்ளே புது வேட்டி சட்டையில், இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு சொரிமுத்து. உலகுவும் பேச்சியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். மிதிக்கக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே! அண்டா படிக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் வந்து சுற்றி நின்றது.

"வாசப்படியை மிதிக்கலை மச்சான், நல்லாப் பாத்துக்கிடுங்க," என்றான் சொரிமுத்து. மடியிலிருந்து வாழையிலையை எடுத்து அண்டாவுக்குக் குறுக்கே விரித்தான். "அத்தையைக் குழம்பை ஊத்தச் சொல்லுங்க. ஒரே பக்கமா ஊத்திராம, ரெண்டு பக்கமும் சமமா ஊத்தச் சொல்லுங்க. கவுந்துரும்."