செவப்புத் துணி கட்டின பானை

ஒரு ஊர்ல, தை மாசம் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் சரியா நாலே கால் மணிக்கு, வெயில் சாஞ்சு வாடைக்காத்து வீச ஆரம்பிச்ச நேரத்துல, ஒரு சீனாக்காரப் பொண்ணு மாடிப்படியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. ம் சொல்லு, அமு. நீ ம் சொன்னாத்தான் அடுத்தது வரும்.

"ம்."

அவ பேரு லீஹுவா. அவ புருஷன் பேரு தெங். ஊருக்கு வெளியில புதுசா ஒரு ஓட்டு பேக்டரி வந்துச்சு. தரையில பதிப்போமே, அந்த ஓடு. அங்க மிஷின் மாட்டிக் குடுக்கறதுக்காக தெங் சீனாவுல இருந்து வந்தான், அவளும் கூட வந்தா. தவமணியக்கான்னு ஒருத்தங்க வீட்டு மாடியில ரெண்டு பேரும் வாடகைக்கு இருந்தாங்க. கீழ தவமணியக்காவும், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன அவங்க வீட்டுக்காரர் ஏகாம்பரமும் இருந்தாங்க. அவ்வளவு பேருதான் இந்தக் கதையில. ஞாபகம் வச்சுக்கறது சுலபம்.

"அவ ஏன் பெரியம்மா அழுதா?"

பசிச்சுது, ஆனா சாப்பிட முடியல. வயித்துல பாப்பா இருந்துச்சு, அதான் மசக்கை. சோறு வாயில வச்சா உவ்வே. தண்ணி குடிச்சா உவ்வே. பக்கத்து வீட்டுல சொய்ய்னு கடுகு தாளிச்சா, அந்த வாசனைக்கே உவ்வே. வெறும் அரிசிக் கஞ்சி மட்டும் கொஞ்சம் உள்ள நின்னுச்சு. அதுவும் பாதி நாள் நிக்கல.

தவமணியக்கா பாத்தாங்க. மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் குடுக்கலேன்னா பொறக்கற குழந்தைக்குக் காதுல சீழ் வடியும்னு அவங்க நம்பினாங்க. அப்போ அவங்களே ஒரு முடிவுக்கு வந்தாங்க: இவளுக்கு அம்மா பக்கத்துல இல்ல, நாமதான் பாக்கணும். மொத நாள் மாங்காயைப் பத்தை போட்டு, உப்பு மிளகாத்தூள் தடவிக் குடுத்தாங்க. உவ்வே. ரெண்டாம் நாள் புளிசாதம். உவ்வே. மூணாம் நாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அதுக்கு அவ மாடியில இருந்து இறங்கவே இல்ல.

"அப்ப என்னதான்டியம்மா வேணும் உனக்கு?"ன்னு கேட்டாங்க.

லீஹுவாவுக்குத் தமிழ் கொஞ்சந்தான் வரும். பாக்கியை அவ போன் சொல்லும். அவ சீனத்துல பேசினா, அது ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி தமிழ்ல சொல்லும். இப்போ அது சொல்லுச்சு: "எனக்குக் கறுப்பு முட்டை உண்ண ஆசையாக உள்ளது."

அப்புறம் ஒரு படம் காட்டினா. வெள்ளைக் கஞ்சி மேல வாத்து முட்டை. ஆனா வெள்ளைக்கரு கறுப்பு, மஞ்சக்கரு பச்சை. அவங்க ஊர்ல அதைக் கஞ்சியில போட்டுச் சாப்பிடுவாங்க.

தவமணியக்கா போனைத் தள்ளி வச்சாங்க. "இது அழுகின முட்டை. வேற எது வேணா கேளு, இது மட்டும் ஆகாது. குழந்தைக்கு ஆகாது. கேட்டியா?"

"சரி, அக்கா"ன்னா லீஹுவா.

ம் சொல்லு.

"ம்."

தெங் தேட ஆரம்பிச்சான். மொதல்ல பட்டணத்துல பெரிய பெரிய கடையில தேடினான், இல்ல. அப்புறம் சீனாவுல இருந்து பார்சல் அனுப்பச் சொன்னான், முட்டையெல்லாம் அனுப்ப முடியாதுன்னுட்டாங்க. மூணாவதா, வாசல்ல டிராகன் படம் போட்ட ஒரு சைனீஸ் ஓட்டலுக்குப் போனான். அங்க இருந்தவரு, "உங்க ஊரு ஐட்டம்தான் சார், சூடா இருக்கு"ன்னு கோபி மஞ்சூரியனைக் கொண்டாந்து வச்சாரு. தெங் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நல்லா இருக்கு. இது என்ன?"ன்னு கேட்டான்.

அப்போ லீஹுவாவோட அம்மா போன்ல செய்முறை சொன்னாங்க. கஷ்டமில்ல, பொறுமைதான் வேணும். வாத்து முட்டை. அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, உப்பு, கெட்டியான டீத்தண்ணி, களிமண். இதையெல்லாம் கொழைச்சு முட்டை மேல அப்பி, உமியில உருட்டி, பானையில அடுக்கி, வாயைக் கட்டிக் குளிர்ச்சியான எடத்துல வைக்கணும். ஒன்றரை மாசம் தொடக்கூடாது. உள்ள அதுவா கறுப்பாயிரும்.

அறுவடை முடிஞ்ச வயல்ல வாத்துக்காரங்க வந்து எறங்கியிருந்தாங்க. குவாக் குவாக்னு ஆயிரம் வாத்து. முட்டைக்குப் பஞ்சமில்ல. ஆனா வீட்டுல ஒரு சிக்கல். தவமணியக்கா அப்போ அம்மனுக்கு மாலை போட்டு, செவப்புப் புடவை கட்டியிருந்தாங்க. ஏகாம்பரம் தெங்கைக் கூப்பிட்டு, "தம்பி, மாலை கழட்டற வரைக்கும் வீட்டுக்குள்ள முட்டை வரக்கூடாது"ன்னு சொல்லியிருந்தாரு. தெங் சொன்னா சொன்னபடி நடக்கறவன். மாடியில வச்சாலும் தகரக் கூரை, ஒரே சூடு. அதனால ஒரு நாள் தவமணியக்கா கோயிலுக்குப் போயிருந்தப்போ, புருஷனும் பொண்டாட்டியும் பின்பக்கம் முருங்கை மரத்தடியில குழி வெட்டி, அந்தப் பானையைப் புதைச்சுட்டாங்க. லீஹுவா பானை வாயில ஒரு செவப்புத் துணியைக் கட்டினா. அவங்க ஊர்லயும் நல்ல காரியத்துக்குச் செவப்புதான்.

"அக்காகிட்ட சொல்லலையா?"

சொல்லல. ஆகாதுன்னு சொன்னவங்ககிட்ட எப்படிச் சொல்லுவா? பயம்.

அப்புறம் டாக்டரம்மாகிட்ட போனாங்க. டாக்டரம்மா எடை பாத்துட்டு முகத்தைச் சுருக்கினாங்க. "மாசி முடியறதுக்குள்ள சாப்பாடு உள்ள நிக்கணும். இல்லேன்னா ஆஸ்பத்திரியில சேத்துருவேன்"னாங்க. அதுக்கு தெங் லீஹுவாவைப் பாத்துச் சொன்னான்: "அப்படி ஆச்சுன்னா இங்க வேண்டாம். சீனாவுல அம்மா வீட்டுக்கு அனுப்பிடறேன். எனக்கு லீவு கிடையாது. நீ மட்டும் போ."

அவளுக்குத் தனியாப் போக இஷ்டமில்ல. போனா பாப்பா அங்கயே பொறக்கும். அப்பா அதைப் போன்லதான் பாப்பாரு. அதனால அவ தினமும் மாடியில நின்னு முருங்கை மரத்தடியைப் பாத்துக்கிட்டே, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சா. ம்?

"...ம்."

மாசி கடைசி வந்துச்சு. தவமணியக்கா மாலை கழட்டி நாளாச்சு. ஒரு நாள் மத்தியானம், வெண்டை வெதைக்கப் பாத்தி போடலாம்னு மண்வெட்டியை எடுத்துக்கிட்டு முருங்கை மரத்தடிக்குப் போனாங்க. சரக், சரக், சரக்... டங்!

மண்ணைத் தள்ளிப் பாத்தாங்க. பானை. பானை வாயில செவப்புத் துணி. பிரிச்சா உமி, சாம்பல், சுண்ணாம்பு. நடுவுல மண் அப்பின முட்டை.

"அம்மா தாயே!"ன்னு அப்படியே உக்காந்துட்டாங்க. "செய்வினை!"

"செய்வினைன்னா?"

ஒருத்தர் கெட்டுப் போகணும்னு இன்னொருத்தர் முட்டை, சாம்பல் மாதிரி எதையாவது மந்திரிச்சு வீட்டோரமாப் புதைக்கிறதுன்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல. தவமணியக்காவும் பாத்ததில்ல, கேள்விப்பட்டதுதான். ஆனா கேள்விப்பட்டது அத்தனையும் அந்தப் பானைக்குள்ள இருந்துச்சே! அவங்களுக்கு எல்லாம் வெளங்கின மாதிரி ஆயிருச்சு. அதான் அந்தப் புள்ள சாப்பிட மாட்டேங்குது. அதான் எதுவும் உள்ள நிக்கல.

"ஏங்க! ஓடியாங்க! எவளோ வச்சுட்டா!"

ஏகாம்பரம் வந்து எட்டிப் பாத்தாரு. "எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது"ன்னாரு.

"அப்ப தூக்குங்க."

"தொட மாட்டேன்."

அப்போ தவமணியக்காவே தூக்கினாங்க. வயித்துப்புள்ளக்காரிகிட்ட சொன்னா பயந்துருவான்னு ஒரு வார்த்தை சொல்லல. மூணு எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் போட்டாங்க. மூணு தடவை துப்பினாங்க. பானையை முந்தானையில மூடி ஏரிக்கரைக்குக் கொண்டு போயி, முதுகைக் காட்டி நின்னு, தலைக்கு மேல பின்பக்கமா வீசினாங்க. தொபுக்! இப்படிக் கழிச்ச பொருளைத் திரும்பிப் பாக்கக்கூடாது. வீட்டுக்குத் திரும்பக் கொண்டாரவே கூடாது, கொண்டாந்தா கொண்டாந்தவங்களைப் பிடிக்கும்னு சொல்லுவாங்க. அவங்க திரும்பிப் பாக்கல. நேரா வந்தாங்க, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாங்க. சாமி விளக்கேத்தி, "இனிமே என் பொண்ணு சாப்பிடுவா"ன்னாங்க.

அன்னிக்குச் சாயங்காலமே தெங் சீக்கிரம் வீட்டுக்கு வந்தான். அன்னிக்குத்தான் முட்டை பக்குவமாகற நாள்.

தவமணியக்கா கொல்லைக் கதவைத் திறந்தா, முருங்கை மரத்தடியில ரெண்டு பேரும் குழிக்குப் பக்கத்துல உக்காந்திருக்காங்க. லீஹுவா கையில ஒரு கிண்ணம்.

"அக்கா, பானை?"ன்னான் தெங்.

"எந்தப் பானைப்பா?"

போன் சொல்லுச்சு: "நாங்கள் இங்கே கறுப்பு முட்டை செய்தோம். எங்களை மன்னிக்கவும்."

தவமணியக்கா குழியைப் பாத்தாங்க, அவ கையில இருந்த கிண்ணத்தைப் பாத்தாங்க. அப்புறம் நடந்ததை நடந்தபடி சொன்னாங்க. போன் அதையும் சீனத்துல திருப்பிச் சொல்லுச்சு. செய்வினைங்கிற வார்த்தைக்கு மட்டும் என்ன சொல்லுச்சோ, தெரியல.

அவ அழுவான்னு நெனச்சாங்க. அழல. கிண்ணத்தைக் கவுத்து வச்சா. "பரவால்ல, அக்கா"ன்னா. அப்புறம் மெல்ல மெல்லப் படியேறிப் போனா. தெங்கும் பின்னாலயே போயி, டிக்கெட்டுக்குத் தேதி பாக்க உக்காந்துட்டான்.

தவமணியக்கா செருப்பை மாட்டினாங்க.

"எங்கடி போற?"ன்னாரு ஏகாம்பரம்.

"ஏரிக்கு."

"கழிச்சதைத் திரும்பக் கொண்டாரக் கூடாதுடி."

"தெரியும்."

"முட்டைதான்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆனா கழிச்சது கழிச்சதுதானே? பழம் நசுக்கியாச்சு, துப்பியாச்சு. உன்னைத்தான் பிடிக்கும்!"

"உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே."

"உனக்கு இருக்கே!"

அவங்க வாசல்ல நின்னாங்க. "இருக்குங்க. ஆனா அந்தப் புள்ள பரவால்லன்னு சொல்லிட்டுப் போகுதுங்க."

முழிச்சிருக்கியா, அமு?

"ம். அவங்களுக்குப் பயமா இல்லையா?"

பயம்தான். ஆனாலும் போனாங்க. மாசியில ஏரித்தண்ணி வத்தி முழங்கால் அளவுதான் இருந்துச்சு. சளக், சளக்னு எறங்கினாங்க. மொத தடவை கையை விட்டாங்க, ஒரு பழைய செருப்பு வந்துச்சு. ரெண்டாவது தடவை, போன வருஷம் கரைச்ச பிள்ளையாரோட கட்டைக் கால் வந்துச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டு அதை மெதுவா உள்ளயே விட்டாங்க. அதுக்குள்ள பின்னால சளக் சளக்னு சத்தம். பாத்தா, ஏகாம்பரம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வராரு. "நீ பாட்டுக்கு விழுந்து வச்சா யாரு பாக்கறது?"ன்னு திட்டிக்கிட்டே வந்தாரு. மூணாவது தடவை தவமணியக்கா கையில பானையோட விளிம்பு தட்டுப்பட்டுச்சு. பானை பாதியா உடைஞ்சு கெடந்துச்சு. உமியெல்லாம் போயிருச்சு. ஒரு அஞ்சாறு முட்டை மட்டும் சேத்துல புதைஞ்சு முழுசா இருந்துச்சு.

அதை மடியில கட்டிக்கிட்டு வீட்டு வாசலுக்கு வந்தாங்க. கேட்டுகிட்ட வந்ததும் கால் நின்னுருச்சு. பொழுது நல்லாச் சாஞ்சுருந்துச்சு. ஏகாம்பரம் கேட்டைத் திறந்து பிடிச்சாரு. அப்போ தவமணியக்கா, "தாயே, வர்றதா இருந்தா எனக்கு வரட்டும், அந்தப் புள்ளைக்கு வேண்டாம்"னு சொல்லி, வலது காலை எடுத்து உள்ள வச்சாங்க.

மாடியில தெங் முட்டையை டக் டக்னு தட்டி மண்ணை உதுத்தான். ஓட்டை உரிச்சான். உள்ள கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, அதுக்குள்ள பனி படிஞ்ச மாதிரி பூப்பூவாக் கோலம். வாசனை குப்புன்னு அடிச்சுது. ஏகாம்பரம் படிக்கட்டு வரைக்கும் பின்னால போயிட்டாரு. லீஹுவா ஒரு நூலை எடுத்து முட்டையைச் சுத்தி இழுத்து, நாலு துண்டா அறுத்தா.

"நில்லு, முதல்ல நான்"னாங்க தவமணியக்கா. ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடி, வாயில போட்டு முழுங்கிட்டாங்க.

"எப்படி இருந்துச்சாம்?"

அவங்க சொல்லல. ஒரு சொம்புத் தண்ணியைக் கடகடன்னு குடிச்சுட்டு, "ம், இப்ப நீ சாப்பிடு"ன்னாங்க.

லீஹுவா கஞ்சியில ஒரு துண்டைப் போட்டு வாயில வச்சா. எல்லாரும் அவ முகத்தைப் பாத்தாங்க, அப்புறம் பாத்ரூம் கதவைப் பாத்தாங்க. ஒரு வாய். ரெண்டு வாய். மூணு வாய். உவ்வே வரல. கிண்ணம் காலியாச்சு. காத்திருந்தாங்க. அப்பவும் வரல.

"அக்கா, இன்னும் கஞ்சி"ன்னா லீஹுவா.

முட்டையால நின்னுச்சா, மாசம் ஏறினதால தானா நின்னுச்சான்னு யாருக்கும் தெரியாது. மசக்கை அந்த மாசத்துல சில பேருக்குத் தானாவே நிக்கும். ஆனா நின்னுச்சு. அதுதான் வேணும்.

மறுநாள் காலையில லீஹுவா எழுந்து, ரொம்ப நாளா வாராத தலையை வாரிப் பின்னிக்கிட்டு, ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சா. தெங் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, பாத்து வச்ச டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிட்டு, வழக்கத்தை விடப் பத்து நிமிஷம் லேட்டாப் போனான். ஏகாம்பரம் யாரும் எழறதுக்கு முன்னாடியே கேட்டுல ஒரு கத்தாழையைக் கட்டித் தொங்க விட்டுட்டு, கேட்டவங்ககிட்ட "கொசுவுக்கு"ன்னு சொன்னாரு. தவமணியக்கா கண் முழிச்சதும் படுத்தபடியே மொதல்ல ரெண்டு கையையும் தூக்கிப் பாத்தாங்க. ரெண்டு காலையும் ஆட்டிப் பாத்தாங்க. எல்லாம் அதது எடத்துல இருந்துச்சு. அப்புறம் எழுந்து போயி வாசல் தெளிச்சாங்க.

அமு? ...ம் சொல்லல. சரி, அவங்க வாசல் தெளிச்சாச்சு, நான் விளக்கை அணைச்சாச்சு, கதை அதோட வீட்டுக்குப் போயிருச்சு. தூங்கு.