மூடியைக் கவ்விய பூனை

எல்லா உயிர்களுக்கும் பேச்சு ஒன்றாக இருந்த அந்தக் காலத்தில், பூனைகளுக்குச் சொந்த வீடு இருந்தது. வீடு நிறையச் சாமான்களும் இருந்தன.

ஏரிக்கரைக்குக் கீழே, பெரிய பொந்து ஒன்றில் சாம்பி என்ற பூனை குடியிருந்தாள். உள்ளே நுழைந்தால் கால் வைக்க இடம் கிடையாது. அறுந்த கயிறு, ஓட்டைச் சல்லடை, ஒற்றைச் செருப்பு, திரியில்லாத விளக்கு. எதை எடுத்துப் பார்த்தாலும் அவள் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "இருக்கட்டும், ஆகும்."

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிரியமானது ஒரு வெண்கல மூடி. பானை இல்லாத மூடி.

"எதை மூடப்போறீங்க அக்கா?" என்று பக்கத்துப் பொந்துக் கீரி முறுக்கன் கேலி செய்வான்.

"இதுக்கேத்த பானை ஒருநாள் கிடைக்கும்டா தம்பி. அன்னைக்கு ஊருக்கே விருந்து போடுவேன், மூடி இல்லாம நிப்பேனா?"

மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. சிட்டு, பொட்டு, கடுகு. படுக்க வெறுந்தரை இல்லாததால் அந்தச் சாமான் குவியலின் மேலேயே வளர்ந்தன. தத்தித் தத்தி நடக்கவும் பழகின.

மழை விடவே இல்லை. ஏரி கரைக்குக் கரை தளும்பியது. ஒரு மாலை முறுக்கன் உடம்பெல்லாம் சேறாக ஓடி வந்தான்.

"அக்கா! கரை வெடிச்சிருக்கு! விரல் நுழையிற வெடிப்பு இல்லே, நானே நுழையலாம்! கிளம்புங்க! புளியமரத்துக்கு ஏறிடலாம்!"

"ஐயோ, சாமானெல்லாம்?"

"சாமானா? பிள்ளைங்களைத் தூக்குங்க முதல்ல!"

முறுக்கன் பொட்டைக் கவ்விக்கொண்டு பாய்ந்தான். சாம்பி சிட்டைக் கவ்விக்கொண்டு அவன் பின்னால் பறந்தாள். இரண்டையும் மரக்கிளையில் விட்டுவிட்டு, முறுக்கனைக் காவல் வைத்து, அவள் மட்டும் திரும்பினாள். பொந்து வாசலைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

உள்ளே கடுகு. அதன் பக்கத்தில் மூடி.

சாம்பிக்கு இருந்தது ஒரே வாய்.

"கடுகு, நீ பெரிய பிள்ளைதானே? நடப்பேதானே?"

"நல்லா நடப்பேனே!" என்றது கடுகு பெருமையாக.

"அப்படின்னா அம்மா வாலைப் பார்த்துக்கிட்டே பின்னால வா, கண்ணு."

மூடியின் குமிழைப் பல்லில் இறுக்கிக்கொண்டு அவள் வெளியே தாவினாள். பாதி தூரம் போயிருப்பார்கள். கரையின் ஒரு துண்டு சரிந்தது. செம்மண் நீர் நுரைத்துக்கொண்டு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே புகுந்தது. சாம்பி ஒரு பாறைமேல் ஏறிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் மழைத்திரை, கோரைப்புல், சுழல். வாலுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"அம்மா! எங்கே இருக்கே? உன் வால் தெரியலே!"

சாம்பி பதில் சொன்னாள். "ம்ம்ம்" என்றுதான் வந்தது. வாயில் மூடி.

"அம்மா! ஒரு தரம் கூப்பிடேன்! சத்தத்தைப் பிடிச்சு வந்துடுவேன்!"

"ம்ம்ம்... ம்ம்ம்..."

பாறை வழுக்கியது. மூடியைக் கீழே வைக்க அங்கே ஒரு கையகல இடம்கூட இல்லை. கடுகின் குரல் எதிர்ப்பக்கமாகத் தேய்ந்துகொண்டே போயிற்று. மரத்திலிருந்து முறுக்கன் தொண்டை கிழியக் கத்தினான்.

"அக்கா! வாயைத் திறங்க! வாயைத் திறங்க அக்கா!"

சாம்பியின் பற்கள் குமிழை இன்னும் இறுக்கின. வராத பானையும் போடாத விருந்தும் ஒரு கணம் அந்தக் குமிழிலேயே தொங்கின.

திறந்தாள்.

மூடி விழுந்து, மல்லாந்து, குட்டிப் பரிசல் போலச் சுழன்று போயிற்று. அவள் அதைப் பார்க்கவில்லை.

"கடுகு! இங்கேடா! அம்மா இங்கே இருக்கேன்! இங்கே!"

கோரைப்புல் அசைந்தது. ஒரு சின்னத் தலை, இரண்டு காது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குரலை நோக்கி வந்தது. சாம்பி எட்டி அதன் பிடரியைக் கவ்வினாள். பாறையிலிருந்து தாவி ஓடி, மரமேறி அவர்கள் கிளையைத் தொட்டதும் கரை முழுவதும் உடைந்தது. பொந்து இருந்த இடத்தில் ஏரி இருந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு, ஒரு வைக்கோல் போரின் இடுக்கில் சாம்பி குடியேறினாள். காற்றோடியது. குட்டிகள் புரண்டு விளையாடின. முறுக்கன் பரிசோடு வந்தான். காம்பில்லாத அகப்பை!

"புது வீட்டுக்கு ஏதோ நம்மாலானது, அக்கா."

சாம்பி அதை முகர்ந்தாள். கண் விரிந்தது. "இருக்கட்டும், ஆ..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். கடுகைக் கவ்வி அடுத்த தோட்டத்து விறகுக் கொட்டிலில் கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து பொட்டைக் கவ்வக் குனிந்தாள்.

"என்னக்கா, இடம் பிடிக்கலையா?"

"இடம் பிடிச்சிருக்குடா. அதான் பயமா இருக்கு. கொஞ்சநாள் தங்கினா இந்த அகப்பைக்குப் பக்கத்தில இன்னொண்ணு வந்து உட்கார்ந்துடும்" என்று சொல்லிவிட்டுப் பொட்டைக் கவ்விப் போனாள்; சிட்டுக்காகவும் வந்து போனாள். அகப்பை அங்கேயே கிடந்தது.

குட்டி போட்ட பூனை ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் கொட்டிலுக்கும் பரணுக்குமாக வீடு மாறுவது அன்று முதல்தான். நாமோ பால் போதவில்லையோ, சத்தம் பிடிக்கவில்லையோ என்று தவிக்கிறோம். அது போகும் வழியில் நின்று பாருங்கள். வாயில் குட்டியைத் தவிர வேறொன்றும் இராது.