வெறுந்தண்ணீரில் ஒருவர்

தண்ணீரில் ஆள் வந்திருந்தார். மூன்றாவது தடவையும்.

வரவே கூடாது. பீடி சுற்றும் நாற்பது பெண்களின் ரத்தத்தோடு நாற்பத்தோராவது குழாயில் வெறும் தண்ணீர் வைப்பதே, அதில் எதுவும் வராது என்று காட்டத்தான். வந்தால் வெளியாள் யாருடைய மரபணுவோ கலந்துவிட்டது என்று அர்த்தம். நாற்பதும் குப்பை. ஆராய்ச்சி மாணவன் இன்னாசிமுத்துவின் ஐந்து வருட உழைப்பும் குப்பை.

"தண்ணிய மாத்துனியா?" பேராசிரியை வேதவல்லி கேட்டார்.

"மூணு தடவையும் புது பாட்டில், மேடம். நான்தான் சீல் உடைச்சேன்."

"வந்தது யாரு?"

"ஆம்பளை. வயசு நாப்பத்தாறு. ரொம்ப வருஷமா புகையிலை. மூணு தடவையும் அதே ஆள்."

இதையெல்லாம் மரபணுவின் 'சி' எழுத்துகளில் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருள் சொல்லிவிடும். பைசல்ஃபைட் மருந்தில் போட்டால் மெத்தில் ஒட்டாத எழுத்து மாறிப்போகும். ஒட்டிய எழுத்து அப்படியே நிற்கும். எதெது அசையாமல் நிற்கிறது என்று பார்த்தால் போதும், உடம்பு எப்படி வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். அது காட்டும் வயது பிறந்த தேதியோடு ஒத்துப்போகும் என்றும் இல்லை.

அந்த அறைக்குள் வரும் ஆண் இன்னாசி ஒருவன்தான். அவனுக்கு இருபத்தேழு.

"நான் பீடியத் தொட்டதுகூட இல்ல, மேடம்."

"நான் கேட்டேனா?"

ஃப்ரிட்ஜ் முனகிவிட்டு நின்றது.

"இங்க வேற யாராவது இருக்காங்களா, மேடம்?"

"பேய்க்கு வயசு ஏறாதுடே, கிறுக்கா."

சொன்னாரே தவிர, அவர் சிரிக்கவில்லை.

"உங்கம்மா என்ன வேலை பாத்தாங்க?"

"முக்கூடல்ல பீடி சுத்துனாங்க. ஒரு நாளைக்கு ஆயிரம். நான் வயித்துல இருக்கும்போதும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அந்தத் தூசி யார் மேலெல்லாம் ஒட்டும்னுதானே அஞ்சு வருஷமாத் தேடுற?"

உறையோடு ஒரு ஊசியை மேசையில் வைத்தார்.

"விரல்ல குத்து. ஒரு சொட்டு. நாப்பத்திரண்டாவது குழாய்ல போடு."

"அந்த நாப்பத்தாறு நானா இருந்தா?"

"நாப்பதையும் கொட்டிடு. திரும்பப் போய் ரத்தம் கேளு."

"அதுல ஒம்பது பேரு செத்துட்டாங்க, மேடம்."

"தெரியும்."

"நான் இல்லன்னா?"

அவர் தண்ணீர்க் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது.

"தண்ணிகிட்ட மூணு தடவை கேட்டுட்ட. உன்கிட்ட இன்னும் ஒரு தடவைகூடக் கேக்கல. குத்து."

இன்னாசி உறையைப் பிரித்தான். ஊசியை விரல் நுனியில் வைத்தான்.

குத்தவில்லை.