மதகுச் சுவரில் வரைந்த பூதம்

மழை சொன்ன நாளில் வந்து, சொன்ன நாளில் நின்ற காலத்துக் கதை இது. கேளுங்கள்.

வெண்குடிச் சீமையை ஒரு வேள் ஆண்டுவந்தார். அங்கே கடல்போல ஓர் ஏரி. ஏரிக்கு ஒரு மதகு. மதகைத் திறந்தால் ஊருக்கெல்லாம் சோறு. ஆனால் மதகடியில் தண்ணீர் சுழன்று உள்ளே இழுக்கும். விளையாடப் போன பிள்ளைகள் இருவரை ஒரே ஆண்டில் அது விழுங்கிவிட்டது.

வேள் வேலி போட்டார். பிள்ளைகள் நுழைந்து போனார்கள். காவல் வைத்தார், காவல்காரன் கண்ணயர்ந்தான். கடைசியில் ஓவியன் சேந்தனை அழைத்து, மதகுச் சுவரில் ஒரு பூதத்தை வரையச் சொன்னார். பார்த்த பிள்ளை பக்கத்தில் வரக்கூடாது என்றார்.

சேந்தன் கண்டறியாத உருவங்களையெல்லாம் கண்டதுபோல வரைவான். யாளிக்கு மீசை வைப்பான், மேகத்துக்கு முகம் வைப்பான். ஒரே ஒரு குணம்தான். முடியும்வரை யாருக்கும் காட்டமாட்டான். முடிந்தபின் யார் சொல்வதையும் கேட்கமாட்டான். சுவரைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டிக்கொண்டு பத்து நாள் வரைந்தான்.

தட்டியைப் பிரித்தபோது பெரியவர்களே பின்வாங்கினார்கள். கோரைப்பல், நெருப்பு நாக்கு, மண்டை மாலை. ஆனால் மறுநாளே பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். யார் முதலில் பூதத்தின் மூக்கைத் தொடுவது என்று பந்தயம் கட்டினார்கள்.

பயம் போதவில்லை என்று நினைத்தான் சேந்தன். மறுபடி தட்டி கட்டி, உடம்பெங்கும் கண்களாக இன்னொரு பூதத்தை வரைந்தான். பிள்ளைகள் கண்களை எண்ண வந்தார்கள். எருமைக்காரர் மகள் நங்கை, ஏழு வயதுக்காரி, பூதத்தின் முழங்காலுக்குக் கீழே இருந்த கண்களை எண்ணக் குனிந்தவள் வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். அவளுடைய தகப்பனார் பாய்ந்து தலைமயிரைப் பற்றி இழுத்தார். ஒரு நொடி தாமதித்திருந்தால் அவள் இல்லை.

மறுநாள் காலை சேந்தன் ஒரு பலகையும் கரித்துண்டும் எடுத்துக்கொண்டு நங்கையின் வீட்டு வாசலில் போய் நின்றான். வாழ்நாளில் யாரையும் கேட்காத கேள்வியைக் கேட்டான்.

"என் படத்தில் என்ன தப்பு, நங்கை? உனக்குப் பயமாக இல்லையா?"

"பயமாகத்தான் இருந்தது. பயமாக இருந்தால்தானே கிட்டப் போய்ப் பார்க்க ஆசை வரும்?"

சேந்தன் அவளருகே தரையில் உட்கார்ந்தான். "அப்படியென்றால் எதன் கிட்டே நீ போகமாட்டாய்?"

நங்கை யோசித்தாள். உள்ளே தூளி ஆடிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி தூங்கினால் கிட்டப் போகமாட்டேன். அவன் முழித்துக்கொண்டால் அம்மா மறுபடியும் ஆட்டவேண்டும். அம்மா பாவம்."

சேந்தன் பலகையை எடுத்தான். மடியில் குட்டியைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒரு பூதத்தாயைக் கீறிக் காட்டினான். இவளுக்கு இத்தனை பல் எதற்கு என்று கேட்டாள் நங்கை, அழித்தான். ராத்திரியெல்லாம் முழித்தவளுக்குக் கண் இப்படியா திறந்திருக்கும் என்றாள், பாதி மூடினான். குட்டியின் கழுத்துக்குக் கை கொடுக்கவில்லையே, தலை தொங்குகிறதே என்று உள்ளிருந்து நங்கையின் தாய் சொன்னாள். அவன் வரைந்த கையை அழித்துவிட்டு, அவள் தன் பிள்ளையைத் தூக்கம் கலையாமல் எடுத்துக் காட்டியபடியே வரைந்தான்.

இந்த முறை தட்டி கட்டவில்லை. பழைய பூதத்தை அழித்துவிட்டு, ஊரே பார்க்கச் சுவரில் வரைந்தான். வந்தவர் போனவரெல்லாம் ஏதாவது சொன்னார்கள். எண்ணெய் வாணிகர் குட்டிக்கு மீசை வைக்கச் சொன்னார். சேந்தன் சிரித்தபடி அதை விட்டுவிட்டான். வண்ணாத்தி, உதட்டில் ஒரு விரல் வைத்தால் போதுமே என்றாள், உடனே வைத்தான்.

படம் முடிந்த மறுநாள் பிள்ளைகள் கத்திக்கொண்டு கரைமேல் ஓடிவந்தார்கள். பூதத்தாய் பாதிக் கண்ணால் பார்த்தாள், உதட்டில் விரல். மடியில் குட்டி வாய் திறந்து தூங்கியது. முன்னால் வந்தவன் சட்டென்று நின்றான். பின்னால் வந்தவர்களை நோக்கிக் கையைக் காட்டினான். எல்லோரும் அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனார்கள்.

படம் பார்க்க வேளும் வந்தார். தூரத்திலேயே குதிரையை நிறுத்தி இறங்கி, மெல்லிய குரலில், இப்படியொரு பூதம் உன் மனத்தில் எப்படி வந்தது என்று கேட்டார்.

"கை என்னுடையது, அரசே," என்றான் சேந்தன். "கண் இந்த ஊருடையது."

அதன்பின் அந்த மதகு ஒரு பிள்ளையையும் பலிகொள்ளவில்லை.

தன் படைப்பைப் பிறர்முன் வைத்து, 'இதில் என்ன குறை?' என்று கேட்கத் துணிகிறவனுக்கே அது நிறைவாகக் கைகூடும்.