அல்வா கிண்டி ஊர் கடந்த கதை

செங்கால்குறிச்சியில் நடக்கும் கல்யாணங்களில் பந்தல்காரர் மாறலாம், மேளக்காரர் மாறலாம், தவசிப்பிள்ளை மட்டும் குத்தாலலிங்கம்தான். கல்யாணச் சமையலுக்குத் தலைமை தாங்குகிறவரைத் தவசிப்பிள்ளை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். குத்தாலலிங்கத்தின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல இதுவரை ஆள் பிறக்கவில்லை. ஆனால் அவரிடம் கையை நம்பிக் கொடுக்கலாமே தவிர, கழுத்துக்கு மேலே நம்பி எதையும் கொடுத்துவைக்க முடியாது.

துணைக்கு அவருடைய மனைவியின் தம்பிகள் இரண்டு பேர். பூதத்தான் எதையும் யோசிக்காமல் செய்வான். ஆவுடையப்பன் நன்றாக யோசித்துச் செய்வான். சேதம் அதிகமாவது ஆவுடையப்பனால்தான்.

துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மருமகன், குத்தாலலிங்கத்தின் வலது கையில் ஒரு ஸ்மார்ட் வாட்சைக் கட்டிவிட்டார். அது நடையை எண்ணும், நாடியைப் பார்க்கும், தமிழிலேயே எழுதிக் காட்டும்.

"மாமா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. இது சொல்றதை அப்படியே கேளுங்க. இது பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு மருமகன் விமானம் ஏறிவிட்டார். அவ்வளவு படித்த மனிதர், யாரிடம் 'அப்படியே' என்று சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

மறுநாள் காலையில் குத்தாலலிங்கம் சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மீசையில் பாதி எடுத்தாகிவிட்டது. வாட்ச் துடித்து, 'எழுந்து நடக்கும் நேரம்' என்று காட்டியது. அவர் எழுந்தார், நடந்தார். சலூன்காரர் கத்தியும் கையுமாகப் பின்னாலேயே மூன்று தெரு ஓடிவந்தார். 'திரும்பிப் போங்கள்' என்று வாட்ச் சொல்லாததால், மீதி மீசையைக் குத்தாலலிங்கம் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

அன்று மத்தியானம், 'தண்ணீர் குடிக்கும் நேரம்' என்று வந்தது. யார் குடிக்க வேண்டும் என்று அதில் போடவில்லை. மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"எனக்குத் தாகம் இல்லையேலே" என்றார் குத்தாலலிங்கம்.

"எனக்கும் இல்லை" என்றான் பூதத்தான்.

"கேக்கறது யாரு? வாட்ச். அப்ப தாகம் யாருக்கு?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

ஒரு சொம்பில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வாட்சை உள்ளே இறக்கினார்கள். கொஞ்சம் தண்ணீர் வழிந்தது. சற்றுப் பொறுத்து வாட்சை வெளியே எடுத்தார்கள். சொம்பில் தண்ணீர் விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தது.

"குடிச்சிருக்கு அத்தான்!" என்று ஆவுடையப்பன் சொம்பைச் சாய்த்துக் காட்டினான். குத்தாலலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தாகத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளையாக இருக்கிறதே என்று அதன் மேல் அவருக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

இப்படி இருக்கையில்தான் மரக்கடை பலவேசம் அண்ணாச்சியின் மூத்த மகள் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சம்பிரதாயம். தாலி கட்டியதும் மாப்பிள்ளை பந்தியில் உட்காருவார். அவர் இலையில் முதலில் விழுவது சூடான கோதுமை அல்வாவாக இருக்க வேண்டும். அப்புறம்தான் உப்புகூட.

பலவேசம் அண்ணாச்சி விடிந்ததும் விடியாததுமாக மண்டபத்துச் சமையற்கட்டுக்கு வந்தார்.

"வே குத்தாலலிங்கம், மாப்ளை வீட்டுக்காரவ கோவக்காரவ. அல்வா நேரத்துக்கு இலையில விழலைன்னா எந்திச்சுப் போயிருவாவ. எனக்கு இன்னும் ரெண்டு பொம்பளைப் புள்ளை இருக்கு. இன்னைக்குச் சரியா நடந்தா அந்த ரெண்டு கல்யாணத்துக்கும் நீருதான். பிசகுச்சுன்னா, நீரு இனிமே இந்த ஊர்ல கரண்டி பிடிக்க முடியாது. சொல்லிட்டேன்."

"அல்வாவுக்கு என் தலை பொறுப்பு அண்ணாச்சி" என்றார் குத்தாலலிங்கம்.

அண்ணாச்சிக்கு அதில் அவ்வளவு தைரியம் வரவில்லை. இருந்தாலும் போனார்.

பெரிய உருளியில் கோதுமைப்பால் ஏறியது. குத்தாலலிங்கம் நின்ற இடத்தில் நின்று துடுப்பால் கிண்ட ஆரம்பித்தார். பக்கத்து அடுப்பில் பூதத்தான் வற்றல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து வாட்ச் துடித்தது. 'நாடி வேகமாக இருக்கிறது. மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்.'

அத்தான் இழுக்கும்போது மச்சினன்மார் சும்மா இருப்பது மரியாதையாகுமா? மூவரும் மிளகாய்ப் புகையை நெஞ்சுக்கூடு நிறைய இழுத்தார்கள். பிறகு வெகுநேரம் விட்டார்கள். இருமல் மணவறைவரைக்கும் கேட்டது. ஐயர் மந்திரத்தை இரண்டு முறை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

கோதுமை அல்வாவைச் சாமானியமாகக் கிண்டி முடிக்க முடியாது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கை அசையும்போதெல்லாம் வாட்ச் அதைக் காலடியாக எண்ணிக்கொண்டே வந்தது. ஆவுடையப்பன் தற்செயலாக அதை எட்டிப் பார்த்தான்.

"அத்தான்! ஒன்பது கிலோமீட்டர் வந்துட்டோம்."

"எங்கேருந்துலே?"

"காலைல நின்ன இடத்துலேருந்து."

குத்தாலலிங்கம் குனிந்து தன் காலைப் பார்த்தார். கால் அதே இடத்தில் இருப்பதாகத்தான் அவருக்குப் பட்டது. ஆனால் கால் என்ன, துபாயிலிருந்தா வந்தது?

"நாம அசையவே இல்லையேலே."

"ரயில்ல உக்காந்திருக்கோம். நாம அசையுதோமா? ஊர் தாண்டிப் போயிருதோம்லா?"

"அப்ப அடுப்பு?"

"அதுவும் நம்மகூடவே வந்திருக்கு."

பூதத்தான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். ஒரு தென்னைமரமும் அதன் நிழலில் ஒரு செவலை நாயும் தெரிந்தன. "நாயைப் பாத்தா நம்ம ஊர் நாய் மாதிரி இருக்கே" என்றான்.

"மாதிரிதாம்லே இருக்கு. நம்ம ஊர் நாய்க்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இங்க என்ன சோலி?" என்றான் ஆவுடையப்பன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் முழங்கியது. மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"இங்கயும் ஒரு கல்யாணம் போல" என்றான் பூதத்தான்.

"நல்ல முகூர்த்தம்லா. ஊருக்கு ஊர் இருக்கும்."

குத்தாலலிங்கத்துக்குத் தன் ஊர்க் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அங்கே பலவேசம் அண்ணாச்சி வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே! மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன? தன் கரண்டியின் கதிதான் என்ன?

ஆவுடையப்பன் யோசித்தான். "அத்தான், இவ்வளவு நேரம் வலப்பக்கமாக் கிண்டினீங்க. அதான் இங்க வந்துட்டோம். இடப்பக்கமாக் கிண்டினா வந்த வழியே போயிருவோம்."

அதைவிட நல்ல யோசனை அங்கே யாரிடமும் இல்லை. குத்தாலலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடப்பக்கமாகக் கிண்டினார். "வேகமா அத்தான், பந்திக்கு நேரமாச்சு!" என்று மச்சினன்மார் வண்டிமாட்டை விரட்டுவதுபோல விரட்டினார்கள். அல்வாவுக்கு இந்தப் பயணமெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு நெய்யைக் கக்கிக்கொண்டு, அருமையான பதத்துக்கு வந்து நின்றது.

வாட்ச் பதினொரு கிலோமீட்டர் என்று காட்டியது.

"வழி தப்பிட்டோம்" என்றான் ஆவுடையப்பன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பலவேசம் அண்ணாச்சி உள்ளே வந்தார். பட்டுச் சட்டை முழுக்க வியர்வை.

"வே, மாப்ளை இலையில உக்காந்தாச்சு! அல்வா எங்கவே?"

குத்தாலலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க எப்படி இங்க?"

"என்னவே கேள்வி இது? என் மக கல்யாணத்துக்கு நான் வராம?"

"அது பதினொரு கிலோமீட்டர் தள்ளியில்லா நடக்குது!"

"என்னது?"

குத்தாலலிங்கத்துக்குக் கோபம் வந்தது. பெரிய மனிதர் என்று பார்த்தால் இப்படியா? "பெத்த மகளை அங்க மணவறையில உக்கார வெச்சிட்டு, எவன் வீட்டுக் கல்யாணத்துலயோ வந்து பந்திக்கு முந்துதியளே, உங்களுக்கே இது நல்லாருக்கா? அங்க மாப்ளை எந்திச்சுப் போயிட்டா என்ன செய்வீய?"

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு உருளியில் கை வைத்தார். பூதத்தான் துடுப்பைக் குறுக்கே நீட்டினான்.

"தொடாதீங்க. இது பலவேசம் அண்ணாச்சி வீட்டு அல்வா."

"ஏலேய், நான்தாம்லே பலவேசம்!"

"இருந்துட்டுப் போங்க. அந்த அண்ணாச்சியே வந்து கேட்டாலும் வழியில வெச்சுத் தர மாட்டோம்."

அண்ணாச்சி ஆள் கூட்டி வர ஓடினார். அவர் திரும்புவதற்குள் மூவரும் உருளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே இறங்கிவிட்டார்கள். காய்கறி இறக்க வந்த லோடு ஆட்டோ ஒன்று அங்கே நின்றது.

"கல்யாண மண்டபத்துக்கு விடுவே. இங்கேருந்து பதினொரு கிலோமீட்டர்" என்றார் குத்தாலலிங்கம்.

"மேலத்தேரி மண்டபமா?" என்றார் டிரைவர்.

"கிலோமீட்டர் சரியா வந்தா அதேதான்."

மேலத்தேரி மண்டபத்திலும் தாலி கட்டி முடிந்திருந்தது. மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வெறும் இலை. குத்தாலலிங்கம் உப்பு வைக்க வந்தவனை இடித்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, ஒரு பெரிய கரண்டி அல்வாவை இலையில் இறக்கினார். மாப்பிள்ளை ஒரு வாய் தின்றார். கண்ணை மூடினார். இன்னொரு கரண்டிக்குக் கை காட்டினார்.

போன உயிர் குத்தாலலிங்கத்துக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"ஏலே, காலைல பாத்த மாப்ளைக்குத் தலை நிறைய முடி இருந்துதே. இவருக்கு வழுக்கைலா?"

ஆவுடையப்பன் நன்றாக யோசித்தான். "நாம வரத் தாமதமாச்சுல்லா அத்தான். மாப்ளை வீட்டுக்காரவ சொன்னபடி எந்திச்சுப் போயிட்டாவ. கையோட வேற மாப்ளையப் பிடிச்சு உக்கார வெச்சிருக்காவ."

"பொண்ணும் வேறயா இருக்கேலே?"

"தாலி கட்டினவனோடதானே பொண்ணு போவும்? அந்தப் பொண்ணு அவன்கூடப் போயிட்டு."

குத்தாலலிங்கம் பந்தி முழுக்கக் கண்ணை ஓட்டினார். "அண்ணாச்சியையும் காணலையேலே."

"அவரைத்தான் நாமளே பாத்தோமே. அங்க அடுத்தவன் அல்வாவுக்கு நின்னுக்கிட்டிருந்தாரு."

குத்தாலலிங்கம் பெருமூச்சு விட்டார். "பொண்ணு இல்லை, மாப்ளை இல்லை, பெத்தவரும் இல்லை. நாம மட்டும் நேரத்துக்கு வரலைன்னா இன்னைக்கு இந்தக் கல்யாணமே நின்னிருக்கும்லே" என்று சொல்லிவிட்டு, கரண்டியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.